அவர்தான் என் ஆசிரியர் என்று நான் சொல்லவில்லை

ஏழு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. எனக்கு கோல்ஃப் சொல்லிக்கொடுத்த மனிதரை என் பையைத் தூக்க வந்த ஆள் என்று ஒருவர் நினைத்துப் பேசினார். நான் வாய் திறக்கவில்லை. என் ஆசிரியர் மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

இதை என் மனைவியிடமே போன வருடம்தான் சொன்னேன். இப்போது எழுதக் காரணம் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு தொழில் நடத்துகிற நண்பர்கள் சிலர், கோல்ஃப் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், யாரிடம் போகலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். மறைத்துவிட்டு யோசனை சொன்னால் அந்த யோசனைக்கு மதிப்பில்லை.

அந்தத் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சிறிய பட்டறை. இரண்டு சி.என்.சி. மிஷின், மூன்று பழைய லேத், பதினான்கு பேர். கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கொடுக்கிறவர்களுக்கு ஜாப் வொர்க் செய்து தருகிறோம். இருபது மைக்ரான் கூடினாலும் குறைந்தாலும் பீஸ் திரும்பி வந்துவிடும். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம்.

அந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவர் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் டர்னராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அரசுக் கணக்கில் அது கனரக வாகனத் தொழிற்சாலை. 1965இல் முதல் விஜயந்தா டாங்க் அங்கிருந்துதான் வெளியே வந்தது. பதினெட்டு வயதில் அவரிடம் சேர்ந்தேன். இரண்டு மாதம் லேத்தைத் தொடவிடவில்லை. வைஸில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துக் கொடுத்து அரம் போடச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு தவறுதான் சொல்வார். “இன்னிக்கு முழங்கைய மட்டும் பாரு” என்பார். மறுநாள் கால் நிற்கும் இடம். அதற்கடுத்த நாள் அரத்தைத் திரும்ப இழுக்கும்போது அழுத்தாமல் இழுப்பது. இரண்டு மாதம் கழித்து மட்டம் வைத்துப் பார்த்தபோது என் துண்டின் மேல் வெளிச்சம் ஊடுருவவில்லை. நல்ல ஆசிரியர் எப்படி இருப்பார் என்று தெரியாதவன் அல்ல நான். அதனால்தான் என் தவறு பெரிய தவறு.

கோல்ஃப் ஆசை எனக்குள் வந்த வழி நல்ல வழியல்ல. எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் ஒரு கம்பெனியின் கொள்முதல் அதிகாரி வார இறுதியில் கோல்ஃப் ஆடுபவர். எங்களைப் போன்ற இன்னும் இரண்டு சப்ளையர்கள் அவருடன் ஆடப்போவதாகக் கேள்விப்பட்டேன். அந்த நாட்களில் சென்னையில் இந்த ஆட்டம் என்றால் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் நடுவே ஜிம்கானா கிளப்பின் மைதானமும், நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப்பின் மைதானமும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு இரண்டுமே மதில் சுவருக்கு உள்ளே இருந்த பச்சை. நான் கற்றுக்கொண்ட இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தவறு இடத்துடையது அல்ல.

பந்தடித்துப் பழகும் ரேஞ்ச் ஒன்றில் அவரைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர். சைதாப்பேட்டைக்காரர். பன்னிரண்டு வயதிலிருந்து கேடி, அதாவது ஆடுகிறவர்களின் பையைத் தூக்கிப்போகிறவர். மைதானம் மூடியிருக்கும் நாட்களில் பிறர் கொடுத்த பழைய மட்டைகளை, அதாவது கிளப்புகளை, வைத்துத் தானே ஆடக் கற்றவர். மங்கிய நீலச் சட்டை, ரப்பர் செருப்பு. ஒரு வகுப்புக்கு ஐந்நூறு ரூபாய்.

முதல் நாள் அவர் என்னைப் பந்தடிக்கவே விடவில்லை. “என்ன தொழில் சார்?” என்று கேட்டார். சொன்னேன். “நின்னுக்கிட்டே வேலையா? இடுப்பு வலி உண்டா?” என்றார். உண்டு. உட்கார்ந்து எழச் சொன்னார். கால்களை நகர்த்தாமல் தோளை மட்டும் இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னார். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “உங்களுக்குச் சின்ன ஸ்விங் போதும் சார். டி.வி.ல பாக்கறது வேணாம்” என்றார். பிறகு கிரீனுக்கு, குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரைக்கு, கூட்டிப்போய் குழியிலிருந்து மூன்றடி தூரத்தில் பந்தை வைத்து உருட்டச் சொன்னார். ஒரு வாரம் மூன்றடி. அடுத்த வாரம் ஆறடி. அதன் பிறகு கிரீனுக்கு வெளியிலிருந்து. குழியிலிருந்து பின்னோக்கி நடந்துதான் அவர் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

அதன் நியாயம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. பதினெட்டுக் குழிகளுக்கு 72 முறை பந்தை அடிக்கலாம் என்று கணக்கு வைக்கும்போது, ஒவ்வொரு குழிக்கும் கிரீன் மேல் இரண்டு முறை என்றுதான் வைக்கிறார்கள். அதாவது 36. ஆட்டத்தின் பாதி அந்தச் சின்ன உருட்டல்தான். எல்லோரும் ரேஞ்சில் டிரைவர் என்ற நீளமான கிளப்பை எடுத்து வானத்தை நோக்கி விளாசிக்கொண்டிருக்க, அவர் எனக்குப் பாதி ஆட்டத்தை முதலில் கையில் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது மாதம் செவன் ஐயர்ன் என்ற கிளப் ஒன்றை மட்டும் கொடுத்தார். என் பந்து வலப்பக்கம் கிளம்பி இன்னும் வலப்பக்கமாகவே வளைந்து போனது. ஸ்லைஸ் என்பார்கள். புதிதாக ஆடுகிற பெரும்பாலோருக்கு வருவது. அவர் என் ஸ்விங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் இடது கையை கிளப்பின் மேல் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைத்தார். “மேலேருந்து பாத்தா ரெண்டு முட்டி தெரியணும் சார். உங்களுக்கு ஒண்ணுதான் தெரியுது” என்றார். அவ்வளவுதான். மூன்று வாரத்தில் வளைவு பாதியாகக் குறைந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொள்முதல் அதிகாரி இரண்டு பேருடன் ரேஞ்சுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் மகிழ்ச்சியோடு கை குலுக்கினார். என் பந்துகள் போகும் திசையைப் பார்த்து, “பரவாயில்லையே, யார் உங்க கோச்?” என்று கேட்டார். என் ஆசிரியர் பக்கத்தில் என் பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தார். எனக்கு இடுப்பு வலி அதிகம் என்பதால் அன்று பையைத் தானே வாங்கிக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்வதற்குள் அதிகாரியே அவர் பக்கம் திரும்பி, “கேடியைக் கையோட கூட்டிட்டு வந்துட்டீங்களா?” என்றார்.

ஒரு வார்த்தை போதும். “இவர்தான் சார் என் கோச்.” நான் சொல்லவில்லை. “நானாத்தான் சார் பழகிட்டிருக்கேன்” என்றேன். வெயிலில் நின்றிருந்த அவர் பையை இறக்கி வைத்துவிட்டு, சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கப் போனார்.

அதற்கடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. அவர் மூன்று முறை போன் செய்தார். திரையில் பெயரைப் பார்த்துவிட்டு அடங்கும்வரை காத்திருந்தேன். நான்கு வகுப்புக்கான பணம், இரண்டாயிரம் ரூபாய், அவருக்குப் பாக்கி. அதையும் கொடுக்கவில்லை. என் பட்டறையில் ஒரு கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் தள்ளிப்போனால் இரவில் தூக்கம் வராது என்று சொல்லிக்கொள்கிறவன் நான்.

அதே மாதம் இன்னொரு பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். இருபது வகுப்புக்கு நாற்பத்தைந்தாயிரம், முன்பணமாக. அவர் சட்டை நன்றாக இருந்தது. ஆங்கிலம் நன்றாக இருந்தது. வெளிநாட்டு மைதானங்களில் எடுத்த படங்கள் இருந்தன. வேறு ஒருவருக்கு அவர் சொல்லிக்கொடுப்பதை நான் ஒரு முறைகூட நின்று பார்க்கவில்லை. அவரிடம் பயின்ற யாரையும் கேட்கவில்லை. சான்றிதழ் உண்டா என்று விசாரிக்கவில்லை. இரண்டு லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய மிஷின் வாங்கினால் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்து, டயல் வைத்துச் சோதிப்பவன் நான். ஒரு மனிதரிடம் என் உடம்பைக் கொடுக்கும்போது எதையும் சோதிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தேவைப்பட்டது ஆசிரியர் அல்ல. “யார் உங்க கோச்?” என்று அடுத்த முறை கேட்கும்போது தயங்காமல் சொல்ல ஒரு பெயர்.

அந்தப் புதிய பயிற்சியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். அதைச் சரிபார்க்காதது என் குற்றம். ஆனால் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும், அடுத்தவருக்கு உதவும். என் பந்து வலப்பக்கம் கிளம்புவதைப் பார்த்து, கிளப் வலப்பக்கம் போகிறது, அதனால்தான் பந்தும் அப்படிப் போகிறது, ஸ்விங்கை இன்னும் இடப்பக்கமாக இழுங்கள் என்றார். இழுத்தேன். வளைவு அதிகமானது. இன்னும் இழுக்கச் சொன்னார். இன்னும் அதிகமானது.

இயந்திரத் தொழில் செய்கிறவனுக்கு இது புரிந்திருக்க வேண்டும். கிளப்பும் பந்தும் தொட்டிருப்பது ஒரு வினாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்தக் கணத்தில் கிளப்பின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கமே பந்து கிளம்புகிறது. முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வீசப்படும் திசைக்கும் உள்ள இடைவெளிதான் பந்தை வளைக்கிறது. பல காலம் பயிற்சியாளர்கள் இதைத் தலைகீழாகச் சொல்லிவந்தார்கள். பந்தைத் தொடர்ந்து அளக்கும் ரேடார் கருவிகள் வந்தபிறகுதான் அது திருத்தப்பட்டது. என் கிளப்பின் முகம் வலப்பக்கம் திறந்திருந்தது. வீச்சை இடப்பக்கம் இழுக்க இழுக்க இடைவெளி கூடியது, வளைவும் கூடியது. முகம் ஒரு டிகிரி திரும்பினாலே இருநூறு கெஜத்தில் பந்து மூன்றரை கெஜம் விலகிவிடும். என் சைதாப்பேட்டை ஆசிரியர் இந்தக் கணக்கு எதையும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் முகத்தை மூட வேண்டும், அது கைப்பிடியில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் இடது கையைத் திருப்பி வைத்தது அதற்காகத்தான்.

புதிய இடத்தில் ஒரே வகுப்பில் ஏழெட்டுத் திருத்தங்கள். தலை, தோள், மணிக்கட்டு, இடுப்பு. உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் வீடியோவையும் என் வீடியோவையும் அருகருகே வைத்து, இடுப்பு இந்த அளவு திரும்ப வேண்டும் என்றார். அந்த ஆட்டக்காரருக்கு இருபத்தைந்து வயது. எனக்கு நாற்பத்தேழு, முப்பது வருடம் லேத் முன்னால் நின்ற முதுகு. அந்த முதுகைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கோல்ஃபை வேடிக்கைக்காக ஆடுகிறவர்களுக்கு அதிகம் அடிபடும் இடமே கீழ்முதுகுதான். பதினோராவது வகுப்பில் எனக்கும் பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் படுக்கை. பட்டறையில் ஒரு டெலிவரி தவறியது. மீதி ஒன்பது வகுப்புக்கு நான் போகவே இல்லை.

படுக்கையில் கிடந்தபோதுகூட உண்மை எனக்கு உறைக்கவில்லை. நமக்கு இந்த ஆட்டம் வராது என்று முடிவுகட்டிக்கொண்டேன். உறைத்தது நான்கு வருடம் கழித்து, பட்டறையில்.

புதிதாகச் சேர்ந்த ஐ.டி.ஐ. பையன்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க ஒரு ஃபோர்மேன் தேவைப்பட்டார். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெரிய கம்பெனிகளின் பெயர்களைச் சொன்னார். இன்னொருவர் அதிகம் பேசவில்லை. இருவரிடமும் ஒரே பையனை ஒப்படைத்து, அரை மணி நேரத்தில் மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். முதலாமவர் தானே அளந்து காட்டினார், வேகமாக, அழகாக. பையன் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாமவர் மைக்ரோமீட்டரைப் பையன் கையில் கொடுத்துவிட்டு, அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்து அவன் கட்டைவிரலை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு ரேஞ்ச் நினைவுக்கு வந்தது. என் இடது கையைத் திருப்பி வைத்த கை. அதற்கும் முன்னால், ஆவடிப் பெரியவர் என் முழங்கையைத் தொட்டுக் காட்டிய கை. ஆசிரியரை அளக்கும் அளவுகோல் வாழ்நாள் முழுக்க என்னிடம் இருந்திருக்கிறது. சட்டைக்கும் ஆங்கிலத்துக்கும் முன்னால் அதை நான் வெளியே எடுக்கவில்லை.

அதன் பிறகுதான் இந்த ஆட்டத்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகின் மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா. அதன் புல்தரையைப் பராமரித்த தொழிலாளியின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா 2016, 2017 என்று அடுத்தடுத்து இந்தியன் ஓப்பனை வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991இல். பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009இல் வென்றார். அமெரிக்காவில் ஹார்வி பெனிக் எட்டு வயதில் கேடியாக நுழைந்தவர். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஒரே கிளப்பில் ஆயுள் முழுக்கக் கற்பித்தார். டாம் கைட், பென் கிரென்ஷா இருவரும் அவருடைய மாணவர்கள். ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது இன்னொருவரைப் பார்க்கவிட மாட்டாராம். ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதால். 1995 ஏப்ரல் 2இல் அவர் இறந்தார். அவர் சவப்பெட்டியைச் சுமந்த கிரென்ஷா அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். ஆசிரியரைச் சுமந்த மாணவன் அவர். என் பையைச் சுமந்த ஆசிரியரை நான் மறுத்தேன்.

கேடியாக இருந்தவர் எல்லோரும் நல்ல ஆசிரியர் என்று நான் சொல்லவரவில்லை. நன்றாக ஆடுகிறவர் எல்லோரும் நல்ல ஆசிரியர் அல்ல என்பதைப் போலத்தான் அதுவும். ஆங்கிலமும் ரேடாரும் தெரிந்த அருமையான பயிற்சியாளர்கள் உண்டு. 1955இல் தொடங்கப்பட்ட இந்தியன் கோல்ஃப் யூனியனின் ஆதரவில் பயிற்சியாளர்களுக்கு நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா முறையாகப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தருகிறது. அதைக் கேட்டுப் பாருங்கள், நல்லதுதான். ஆனால் சான்றிதழ் ஒருவர் எதைப் படித்தார் என்று சொல்லும். உங்களை எப்படிப் பார்க்கிறார் என்று சொல்லாது. அதை நீங்கள்தான் நின்று பார்க்க வேண்டும்.

சென்ற ஆண்டு தை மாதம் சைதாப்பேட்டையில் என் பழைய கோல்ஃப் ஆசிரியரின் வீட்டைத் தேடிப் போனேன். முழங்கால் தேய்ந்து மைதானத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். பாக்கி இரண்டாயிரத்தை எடுத்து நீட்டி, அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். பணத்தை வாங்கி எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “பை தூக்கறது என் தொழில் சார். அதுல எனக்கு வருத்தம் இல்ல. போனை எடுத்திருக்கலாம்.”

என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

ஆசிரியர் தேடுகிற நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பணம் கட்டுவதற்கு முன் அவர் வேறு ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதை ஒரு மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். யார் அதிகம் பந்தடிக்கிறார், அவரா, மாணவரா என்று பாருங்கள். சின்னப் பையனிடமும், முதல் நாள் வந்த அம்மாவிடமும், பெரிய காரில் வந்தவரிடமும் ஒரே மாதிரி பேசுகிறாரா என்று பாருங்கள். உங்கள் வயதையும் முதுகையும் முழங்காலையும் அவராகக் கேட்கிறாரா, பந்து ஏன் வளைகிறது என்று கேட்டால் உங்கள் மொழியில் உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறாரா, ஒரு வகுப்புக்கு ஒரு திருத்தம் என்று நிறுத்திக்கொண்டு வீட்டில் பழக ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறாரா என்று கவனியுங்கள். மூன்று வகுப்பு முடியும்வரை மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். இது கோல்ஃபுக்கு மட்டும் அல்ல. பிள்ளையை நீச்சலுக்கோ கிரிக்கெட்டுக்கோ வீணைக்கோ அனுப்பும்போதும் இதே அளவுகோல்தான்.

அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் அவருக்குச் சேர வேண்டியதை அந்தந்த மாதமே கொடுத்துவிடுங்கள். விலக நினைத்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள். யார் உங்கள் ஆசிரியர் என்று யாராவது கேட்டால், அவர் பக்கத்தில் நிற்கும்போதே அவர் பெயரைச் சொல்லுங்கள்.